பழைய வழக்கு ஆவணங்களிலிருந்து ஐரோப்பிய எளிய மக்களின் அன்றாட வாழ்வை அறிய முடியுமா?

கேள்வி: மாலைவகுப்பு

வணக்கம். கல்லூரி ஒன்றில் இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கு ஐரோப்பிய வரலாறு நடத்தி வருகிறேன். பாடத்திட்டம் மறுமலர்ச்சியில் தொடங்கி, சமயச் சீர்திருத்தம், முப்பதாண்டுப் போர், பிரெஞ்சுப் புரட்சி என்று அரசர்களையும் படைகளையும் உடன்படிக்கைகளையும் பிடித்துக்கொண்டே போய் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வயலில் நின்றவர்களும் நூல் நூற்றவர்களும் தண்ணீர் சுமந்தவர்களும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. எனவே, இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேட்டுக்கு ஐரோப்பியச் சமூக வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுக்கலாம் என்று எண்ணி, அங்குள்ள பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டங்களைப் பற்றிப் படித்து வருகிறேன்.

படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுக்கிறது. எளிய மக்களில் பெரும்பாலோர் எழுதத் தெரியாதவர்கள். அவர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பாதிரியார்களும் நீதிமன்ற எழுத்தர்களும்தாம். ஆகவே இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் வழக்கு ஆவணங்களையும் மரண விசாரணை அறிக்கைகளையும் ஆலயப் பதிவேடுகளையுமே நம்பி நிற்கின்றன. திருட்டு, கொலை, திடீர்ச் சாவு, அவதூறு ஆகியவை ஒருவருடைய வாழ்வில் என்றோ ஒருநாள் நேர்பவை. என்றோ ஒருநாள் நேர்ந்ததை வைத்து அன்றாடத்தை எப்படி வரைவது? வரைந்த பிறகு அதை எண்ணிக்கையாகவும் விழுக்காடாகவும் வேறு தருகிறார்களே, அந்த எண்களுக்கு என்ன மதிப்பு? துறையை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணவர்கள் இங்கிருந்தபடியே, செலவின்றிச் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: பதிவேடு

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அதற்கான விடை, அந்த ஆவணங்களில் நாம் எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வழக்கு எதைப் பற்றியது என்பதை ஒதுக்கிவிட்டு, வழக்கை விவரிக்கும்போது போகிற போக்கில் எழுத்தர் குறித்துவைத்த செய்திகளைத் திரட்டுவதுதான் அண்மைக் காலத்தில் நல்ல பலன் தந்த வழி. எழுத்தருக்கு அக்கறை இல்லாத செய்தியில் அவர் பொய் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் கன் தலைமையில் நடந்த திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விபத்தில் இறந்தவர்கள் பற்றிய மரண விசாரணை அறிக்கைகள், ஏறத்தாழ 9,000 சாவுகளுக்கானவை, அதற்கு அடிப்படை. யாரேனும் இயற்கைக்கு மாறாக இறந்தால், விசாரணை அதிகாரி அக்கம்பக்கத்து ஆண்களை ஜூரிகளாகக் கூட்டி, உடலை நேரில் பார்த்து, இறந்தவர் எந்த இடத்தில், எந்த நாளில், பல நேரங்களில் எந்த மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது இறந்தார் என்று லத்தீனில் ஒரு தோல் துண்டில் எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகள் லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மன்னர் நீதிமன்றத் தொகுதிக்குள் தங்கிவிட்டன. சாவுக்குக் காரணமான பொருளோ விலங்கோ அரசுக்குப் பறிமுதல் ஆகும் என்ற பழைய சட்டம் அங்கே 1846 வரை இருந்ததால், வண்டி, குதிரை, மரக்கிளை என்று எது ஆளைக் கொன்றதோ அதற்கு விலையும் குறித்திருக்கிறார்கள். இப்படியாக, சாவை விசாரிக்கப் போனவர்கள் நமக்கு ஓர் ஊரின் வண்டிகளையும் கிணறுகளையும் வேலை நேரத்தையும் சேர்த்தே விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

ஓர் அறிக்கையை மட்டும் சொல்கிறேன். 1569ஆம் ஆண்டில் வூஸ்டர்ஷயரின் அப்டன் வாரன் என்ற ஊரில், ஆலைக் குளத்தின் ஓரம் மஞ்சள் நிறச் சாமந்தி வகைப் பூக்களைப் பறித்துக்கொண்டிருந்த ஜேன் ஷாக்ஸ்பியர் என்ற இரண்டரை வயதுக் குழந்தை தவறி நீரில் விழுந்து இறந்தது. குடும்பப் பெயரைக் கண்டதும் செய்தித்தாள்கள் நாடகாசிரியரின் உறவாக இருக்குமோ என்று அதன்மேல் பாய்ந்தன. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அந்த வயதுக் குழந்தை எங்கே, எதனருகே விளையாடியது, வீட்டுக்கும் நீர்நிலைக்கும் இடையே எவ்வளவு குறைவான காவல் இருந்தது என்பதே எனக்கு முக்கியம். விபத்துச் சாவுகளில் நீரில் மூழ்கியோரே பெரும்பங்கு. பெண்கள் தண்ணீர் மொள்ளப் போய் விழுந்தார்கள். ஆண்கள் கோடை மாலையில் உடம்பு கழுவ ஆற்றில் இறங்கி மாண்டார்கள். கேம்பிரிட்ஜில் மாணவர்கள் ஆற்றில் நீந்தக் கூடாது என்று 1571இல் பல்கலைக்கழகம் தடை போட்டதன் பின்னணியும் இதனால் விளங்குகிறது.

அடுத்து, ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மரியா ஓக்ரென் தலைமையில் நடந்த பாலினமும் உழைப்பும் பற்றிய திட்டம். 1550 முதல் 1800 வரையிலான நீதிமன்றக் குறிப்புகள், மனுக்கள், நாட்குறிப்புகள் ஆகியவற்றிலிருந்து தொழிற்பெயர்களைத் திரட்டாமல், மனிதர்கள் செய்த செயல்களைத் திரட்டினார்கள். காரணம் எளிது. ஆவணங்களில் ஆணுக்குத் தச்சர், உழவர், கொல்லர் என்று ஒரு பட்டம் உண்டு. பெண்ணுக்கு இன்னாரின் மனைவி, இன்னாரின் விதவை என்பதே பட்டம். பட்டங்களை எண்ணினால் பெண்கள் வேலையே செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். வைக்கோல் ஏற்றினாள், பாலைச் சந்தைக்குக் கொண்டுபோனாள், கடன் வசூலிக்கப் போனாள் என்ற வினைகளை எண்ணினால் கதை தலைகீழாக மாறுகிறது. அந்தத் திட்டத்தின் முடிவுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, மணமானவரா இல்லையா என்பது பல வேலைகளில் ஆணா பெண்ணா என்பதைவிட முக்கியமாக இருந்தது என்பதே. மணமான பெண் வீட்டையும் பணியாட்களையும் கணக்கையும் நிர்வகித்தாள். மணமாகாத இளைஞனுக்கு அந்த அதிகாரம் இல்லை.

இதே முறையை எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ஜேன் விட்டில் குழுவினர் தென்மேற்கு இங்கிலாந்துக்குப் பயன்படுத்தினர். கார்ன்வால், டெவன், ஹாம்ப்ஷயர், சாமர்செட், வில்ட்ஷயர் ஆகிய 5 மாவட்டங்களில், 1500 முதல் 1700 வரை, 4,300 வேலைச் செயல்கள். பொருளாதாரத்தின் முக்கியப் பிரிவுகள் அனைத்திலும் பெண்கள் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது, அவர்கள் மூன்று வகை ஆவணங்களைச் சேர்த்து எடுத்தார்கள் என்பதே: மரண விசாரணை, திருச்சபை நீதிமன்றச் சாட்சியம், மாவட்டக் குற்ற விசாரணை. மரண விசாரணையில் ஆபத்தான வேலைகள் மிகையாக வரும்; நூல் நூற்று யாரும் செத்ததில்லை என்பதால் நூற்பு அதில் ஏறக்குறைய வராது. திருட்டு விசாரணையில் வாங்கல் விற்றல் மிகையாக வரும். திருச்சபை வழக்கில் சாட்சி, அன்று காலை நான் பசு கறந்துகொண்டிருந்தபோது அவள் ஏசியது கேட்டது என்பதுபோல் சொல்வார்; ஏச்சுக்காக நடந்த வழக்கில் பால் கறந்தது தற்செயலாக வந்து விழுகிறது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருப்பதால், மூன்றையும் ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கும்போதுதான் சாய்வின் அளவு தெரிகிறது.

பதில்: ஓலையும்தாளும்

மேலே ‘பதிவேடு’ என்பவர் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மறுக்கிறேன்.

முதலாவது, அக்கறை இல்லாத செய்தியில் எழுத்தர் பொய் சொல்ல மாட்டார் என்பது. விலையைச் சான்றாகக் காட்டியிருக்கிறார். விலையில்தான் பொய்யே அதிகம். பறிமுதல் ஆகும் வண்டி இறந்தவரின் குடும்பத்துடையதாகவோ அயலாருடையதாகவோ இருக்கும். ஜூரிகளும் அதே ஊர்க்காரர்கள். ஆகவே மதிப்பைக் குறைத்துச் சொல்வது வழக்கமாயிற்று. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் இது இன்னும் வெளிப்படை. குடியிருக்கும் வீட்டுக்குள் 40 ஷில்லிங் அல்லது அதற்குமேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் சொன்னால், ஜூரிகள் பொருளின் மதிப்பு 39 ஷில்லிங் என்று தீர்ப்பு எழுதி ஆளைக் காப்பாற்றினார்கள். அந்த 39ஐ எடுத்து விலைவாசி அட்டவணை போடுகிறவருக்கு, ஜூரிகளின் இரக்கம்தான் அட்டவணையாகக் கிடைக்கும். குற்றச்சாட்டில் கண்ட மதிப்பு, தீர்ப்பில் கண்ட மதிப்பு இரண்டையும் தனித்தனியாகக் குறித்து, வேறுபாட்டையே ஆராய்வதானால் அது நல்ல ஆய்வு.

இரண்டாவது, எண்ணுவதில் எல்லாம் அடங்கிவிடும் என்ற தொனி. ஐரோப்பியப் பண்பாட்டு வரலாற்றின் மிகச் செழிப்பான ஆவணங்களில் ஒன்று, தென் பிரான்சில் பாமியே மறைமாவட்ட ஆயராக இருந்த ஷாக் ஃபூர்னியே நடத்திய சமய விசாரணைப் பதிவு. 1318 முதல் 1325 வரை, திருச்சபை தவறெனக் கண்டித்த கத்தார் (Cathar) என்ற சமயப் பிரிவினர் என்ற ஐயத்தின் பேரில் பிரனீஸ் மலையடிவாரத்து மக்களை அவர் விசாரித்தார். மோந்தையூ என்ற சின்ன மலையூரின் ஆட்டிடையர்களும் விதவைகளும் என்ன உண்டார்கள், யாரோடு எங்கே அமர்ந்து பேசினார்கள், யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. அவர் மிக நுணுக்கமாகக் கேட்டார் என்பதே காரணம். அவரே 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். பதிவு இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அந்தச் சாட்சியங்களைச் சிறைக்குப் பயந்து நின்ற மக்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல, எழுத்தர் லத்தீனில் தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றி எழுதினார். அதில் வரும் ஒரு தோழமையான பேச்சை, இடையர்களின் இயல்பான உரையாடல் என்று நாம் மகிழ்ந்து படிக்கும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை மறந்துவிடுகிறோம். அந்தப் பதிவை ஆயிரம் வினைச்சொற்களாகப் பிரித்துத் தரவுத்தளத்தில் இட்டால், மேசையும் மறையும், அச்சமும் மறையும்.

ஆகவே மாணவர்களுக்கு எண்ணக் கற்றுத் தருவதற்கு முன், ஒரே ஒரு வழக்கை முழுதாகப் படிக்கக் கற்றுத் தாருங்கள். கேள்வி கேட்டவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், பதில் சொன்னவருக்கு எதை இழக்கும் ஆபத்து இருந்தது, எழுதியவர் எதைச் சுருக்கினார் என்ற நான்கையும் சொல்லத் தெரிந்த மாணவர் பிறகு எதை எண்ணினாலும் கெடுதியில்லை.

ஒரு கொசுறு. எண்மமாக்குவதாலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்ற பேச்சையும் நம்பாதீர்கள். வெனிஸ் நகரின் ஆயிரம் ஆண்டு ஆவணங்களையும் கணினிக்குள் கொண்டுவருவதாகப் பெரும் முழக்கத்தோடு தொடங்கிய திட்டம், 2019இல் அரசு ஆவணக் காப்பகத்துக்கும் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டால் பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டது.

பதில்: வடகடல்

மேலே இருவரும் நீதிமன்றங்களையே சுற்றி வருகிறீர்கள். மாலைவகுப்பு கேட்டதில் ஆலயப் பதிவேடுகளும் உண்டு. அவற்றுக்கு என்றோ ஒருநாள் நேர்ந்தது என்ற குறை பொருந்தாது. ஊரில் உள்ள ஏறக்குறைய எல்லோரும் அதில் பிறக்கும்போதும் மணக்கும்போதும் இறக்கும்போதும் வருகிறார்கள்.

இங்கிலாந்தில் 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் (ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்திலும்) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை வாரந்தோறும் எழுதிப் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். கத்தோலிக்க நாடுகளில் திரெந்து பொதுச்சங்கம் என்ற ஆயர் பேரவை 1563இல் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியது. பிரான்சில் லூயி ஆன்ரி என்பவர் 1950களில், பதிவேட்டில் சிதறிக் கிடக்கும் திருமுழுக்கையும் திருமணத்தையும் அடக்கத்தையும் பெயர் வழியே இணைத்துக் குடும்பம் குடும்பமாக மீட்டெடுக்கும் முறையை வகுத்தார். நார்மண்டியின் க்ரூலே என்ற ஊர் அதற்கு முதல் பெரும் சோதனைக் களம். 1964இல் பீட்டர் லாஸ்லெட், ரிக்லி இருவரும் கேம்பிரிட்ஜில் மக்கள்தொகை மற்றும் சமூக அமைப்பு வரலாற்று ஆய்வுக் குழுவைத் தொடங்கினர். எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அக்குழுவுக்கு வேண்டிய மாதாந்திர எண்ணிக்கைகளை 404 பங்குகளின் பதிவேடுகளிலிருந்து திரட்டிக் கொடுத்தவர்கள் ஊதியம் பெறாத உள்ளூர் ஆர்வலர்கள் என்பது. பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது இன்றுவரை முடிந்திருக்காது.

அந்தக் குழுவின் முடிவுகள் நாம் பள்ளியில் படித்த பலவற்றைக் கவிழ்த்தன. ஆலைத் தொழில் வருவதற்கு முன் ஆங்கிலேயர்கள் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்கள், ஆலைதான் அதைச் சிதறடித்தது என்று சொல்லிவந்தோம். லாஸ்லெட் 1574 முதல் 1821 வரை 100 ஊர்களுக்குக் கிடைத்த குடித்தனப் பட்டியல்களைக் கணக்கிட்டபோது, சராசரிக் குடித்தனத்தில் இருந்தவர்கள் 5 பேருக்கும் குறைவு. தாய், தந்தை, பிள்ளைகள், அவர்களோடு வயதுக்கு வந்த அயல்வீட்டுப் பணியாட்கள். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருப்பது அரிது. பெண்கள் முதல் மணம் செய்தது 17ஆம் நூற்றாண்டில் சராசரியாக 25, 26 வயதில். மணமாகும்வரை இருபாலரும் அடுத்தவர் வீட்டில் ஆண்டுக் கூலிக்கு வேலை செய்து பணம் சேர்த்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகியதற்குச் சாவு குறைந்ததைவிட, மண வயது குறைந்து பிறப்பு கூடியதே பெரிய காரணம் என்பது 1981இல் ரிக்லியும் அதே குழுவின் ஸ்கோஃபீல்டும் வெளியிட்ட முடிவு.

குறைகள் இல்லையா என்றால், உண்டு. பாப்டிஸ்ட், குவேக்கர் போன்ற பிற சபையினர் இப்பதிவேடுகளில் வரமாட்டார்கள். 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல பங்குகளில் பக்கங்கள் வெறுமை. திருமுழுக்குக்கு முன்பே இறந்த சிசு எங்கும் பதிவாகாது. ஊரை விட்டுப் போனவர் குடும்ப மீட்பில் கைநழுவிவிடுவார். ஆகவே மீட்கப்பட்ட குடும்பங்கள் ஒரே ஊரில் தங்கிவிட்டவர்களின் குடும்பங்கள். வேலை தேடி இளையோர் ஓயாமல் ஊர் மாறிய நாட்டில் இது சிறிய குறையன்று.

எழுதத் தெரியாதவர்கள் என்று மாலைவகுப்பு சொன்னதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. 1753இல் இயற்றி 1754 முதல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், மணமக்கள் பதிவேட்டில் கையொப்பமோ குறியோ இட வேண்டும் என்றது. அந்தக் கையொப்பங்களை ஸ்கோஃபீல்டு எண்ணினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் கையொப்பம் இட்டார்கள். பெண்களில் அது 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. மற்றவர்கள் ஒரு பெருக்கல் குறி. குறி இட்டவரெல்லாம் படிக்கத் தெரியாதவர் என்றும் கொள்ள முடியாது, ஏனென்றால் அக்காலத்தில் முதலில் படிக்கவும் பிறகே எழுதவும் கற்றுத் தந்தார்கள். இடையில் பள்ளியை விட்டவர் பைபிளைப் படிப்பார், பெயரை எழுதமாட்டார். ஸ்வீடனில் இது கண்கூடு. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு, போதகர் ஆண்டுதோறும் வீடு வீடாக ஆட்களைக் கூட்டி வாசிக்க வைத்து, வேத வினாவிடையில் எவ்வளவு தேறினார் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே குறி இட்டார். எழுதத் தெரியாத, ஆனால் வாசிக்கத் தெரிந்த ஒரு நாடே அந்தப் பதிவேடுகளில் இருக்கிறது. ஊமியோ பல்கலைக்கழகம் 1973இல் நிறுவிய மக்கள்தொகைத் தரவுத்தளம் இவற்றைக் கொண்டே வளர்ந்தது.

மறுமொழி: மாலைவகுப்பு

மூவருக்கும் நன்றி. ஓலையும்தாளும் சொன்ன 39 ஷில்லிங் செய்தியை வகுப்பில் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். லத்தீனும் பழைய கையெழுத்தும் மாணவர்களுக்கு எட்டாதவை. ஆகவே அச்சான ஆங்கில ஆவணம்தான் வேண்டும். லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்குகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்தேன். அவற்றை உப்சாலா முறைப்படி, செயல்களை எண்ணும் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: பதிவேடு

தாராளமாக. விலையைப் பற்றி ஓலையும்தாளும் சொன்னது சரி. அதை ஏற்றுக்கொண்டே எழுதுகிறேன்.

ஓல்டு பெய்லி தொகுப்பில் 1674 முதல் 1913 வரை 1,97,745 வழக்குகள் உள்ளன. டிம் ஹிட்ச்காக், ராபர்ட் ஷூமேக்கர், கிளைவ் எம்ஸ்லி ஆகியோர் முன்னின்று உருவாக்கி, 2003இல் தொடங்கிப் படிப்படியாக வெளியிட்டார்கள். பழைய அச்சை இயந்திரம் சரியாகப் படிக்காது என்பதால், 1834 வரையிலான பகுதியை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை மட்டும் மீண்டும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மாணவர்களும் இதையே செய்யட்டும்: ஒரே வழக்கை இருவர் தனித்தனியாகப் படித்துச் செயல்களைக் குறித்து, பிறகு ஒப்பிடட்டும். எங்கே வேறுபட்டார்களோ அங்கேதான் விவாதம் பிறக்கும். துணி துவைத்துக் கொடுத்ததை வீட்டு வேலை என்பதா, கூலி வேலை என்பதா? அடகுக்கடைக்குப் பொருளை எடுத்துச் செல்வது வேலையா, இல்லையா?

நூல் வேறு, நீதிமன்றப் பதிவு வேறு என்பதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இவை வாசகர்களுக்கு விற்பதற்காக அச்சகத்தார் வெளியிட்ட வழக்குச் சுருக்கங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கு நான்கு வரியில் முடியும். 18ஆம் நூற்றாண்டில் சுருக்கெழுத்தர் வந்தபின் சாட்சியம் நீள்கிறது. ஆயினும் எதிர்த்தரப்பு வாதத்தை அடிக்கடி ஒரே வரியில் கழித்துக்கட்டினார்கள். சுவையான வழக்கு நீளும், சாதாரணத் திருட்டு சுருங்கும். இன்னொன்று, இது லண்டன். 1750இல் அங்கே ஏறத்தாழ 6,75,000 பேர் இருந்தார்கள். இங்கிலாந்து மக்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். வாடகை அறை, கள்ளுக்கடை, பழைய துணி வியாபாரம், அடகுக்கடை இவையெல்லாம் அங்கே நிறைந்திருந்தன என்பதால், அதை டெவன் கிராமத்துக்குப் பொருத்தக் கூடாது.

காலத்தைக் குறுக்குங்கள். 1750 முதல் 1759 வரை எடுத்தால் சாட்சியம் போதிய நீளத்தில் இருக்கும். வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணை பெருகுவதற்கு முந்தைய காலம் என்பதால் சாட்சிகள் தாங்களாகவே தொடர்ந்து பேசுவார்கள். திருட்டு வழக்குகளை மட்டும் எடுத்து, ஆண்டுக்குச் சமமான எண்ணிக்கையில், வரிசைப்படி ஐந்தில் ஒன்று என்று பொறுக்கச் சொல்லுங்கள். தேடுபொறியில் சொல்லைத் தட்டிக் கிடைத்ததை எடுப்பது கூடாது. அப்படிச் செய்தால் அவர்கள் தேடியதுதான் அவர்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு செயலுக்கும் செய்தவர் யார், ஆணா பெண்ணா, மணமானவரா, எந்த இடம், பகலா இரவா, யாருக்காக என்று ஆறு கட்டங்கள் போதும். விலைக்கு இரண்டு கட்டம்: குற்றச்சாட்டில் ஒன்று, தீர்ப்பில் ஒன்று.

பதில்: ஓலையும்தாளும்

ஏழாவது கட்டம் ஒன்று சேருங்கள்: இந்தச் செயலைச் சொன்னவர் யார்? குற்றம் சாட்டியவரா, சாட்சியா, குற்றவாளிக் கூண்டில் நின்றவரா? துணியைத் திருடவில்லை, துவைக்க வாங்கினேன் என்று உயிரைக் காத்துக்கொள்ளச் சொன்னவரின் வேலையையும், துணி காயப்போட்டேன் என்று உரிமையாளர் சொன்ன வேலையையும் ஒரே எடையில் எண்ணக் கூடாது. முதலாவது பொய்யாகவே இருந்தாலும், கேட்பவர் நம்பக்கூடிய பொய்யாக இருந்தது என்ற அளவில் அதற்கும் மதிப்புண்டு. அதைத் தனியாக எண்ணுங்கள்.

பதில்: வடகடல்

குற்றத்தை விட்டு விலகி எழுத நினைக்கும் மாணவர் யாரேனும் இருந்தால், பிடிபட்ட கப்பல்களின் கடிதங்களைக் காட்டுங்கள். 1652 முதல் 1815 வரை நடந்த கடற்போர்களில் ஆங்கிலேயர் பகை நாட்டுக் கப்பல்களைப் பிடித்தபோது, கப்பலில் இருந்த தபால் பைகளையும் சேர்த்து நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். போய்ச் சேராத கடிதங்கள் மட்டும் ஏறத்தாழ 1,60,000. ஓல்டன்பர்க் பல்கலைக்கழகமும் லண்டன் தேசிய ஆவணக் காப்பகமும் 2018இல் தொடங்கி 2037 வரை இவற்றைப் பட்டியலிட்டுப் படமெடுத்து இணையத்தில் இட்டு வருகின்றன. டச்சுக் கடிதங்களை லைடன் பல்கலைக்கழகத்தார் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள்; மாலுமிகளின் மனைவியர் எழுதியவையும் பிறரைக் கொண்டு எழுதுவித்தவையும் அவற்றில் உண்டு. 1748இல் நாகப்பட்டினத்துக்கு அருகே பிடிபட்ட சாந்தா கத்தரினா என்ற கப்பலிலிருந்து ஆர்மீனிய வணிகர்களின் கடிதங்கள் ஏறத்தாழ 1,700 அதே தொகுதியில்தான் கிடைத்தன.

இவற்றில் பெரும்பாலானவை டச்சு, பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகளில் இருப்பதால், இளங்கலை மாணவருக்கு முழு ஆய்வேடாகக் கொடுக்க முடியாது. விசாரணை மேசை இல்லாத இடத்தில் அதே எளிய மக்கள் எதைப் பற்றி எழுதினார்கள் என்று ஒப்பிட்டுக் காட்ட, ஆங்கிலத்தில் பெயர்த்த சில கடிதங்கள் போதும். முதன்மை வேலைக்கு ஓல்டு பெய்லியையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பருவத்தில் நூறு வழக்குகளைக் கவனமாகப் படித்தாலே ஆய்வேட்டுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.